மேஸ்திரியின் பங்கு

அன்று மாலை மேஸ்திரி மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டது. மாடியில் நின்று லியோனார்ட் கூப்பிட்டுப் பார்த்தார், பிஸ்கட்டை நீட்டிப் பார்த்தார். வால் மட்டும் ஆடியது. பின்னங்கால் இரண்டும் அதனுடையவை இல்லை என்பதுபோல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தன.

கீழ்வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அஃப்சருன்னிசா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணே, மேஸ்திரி ஸ்ட்ரைக்கா?"

"கால் புடிச்சிக்கிச்சும்மா. தூக்கிக்கினு வர எனக்கும் முடியாது. டீச்சர் வரட்டும்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மாடியைக் கட்டியபோது எங்கிருந்தோ வந்து மணல் குவியல்மேல் ஏறி உட்கார்ந்த நாய்க்குட்டி அது. சித்தாளும் கொத்தனாரும் வேலை முடித்துக் கிளம்பும்வரை இறங்காது. வேலை பார்க்கிறவர்களை அது பார்த்த பார்வைக்குக் கொத்தனார்களே வைத்த பெயர்தான் மேஸ்திரி. கட்டடம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மேஸ்திரி மட்டும் குடிவந்துவிட்டது. கச்சேரி ரோட்டிலிருந்து சாந்தோம் பக்கம் ஒடுங்கிப் போகும் அந்தச் சந்தில் லியோனார்டைத் தெரியாதவர்கள்கூட "மேஸ்திரி வீடு" என்றால் கை காட்டுவார்கள்.

லியோனார்ட் கல்யாணச் சமையல்காரர். மந்தைவெளியிலிருந்து வடபழனிவரை அவர் பிரியாணி அண்டா இறங்காத மண்டபம் குறைவு. குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு கரண்டியை மாட்டிவிட்டார். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அவர் மனைவி நோரா பக்கத்துக் கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சர். நோரா பள்ளிக்குப் போனால் திரும்பும்வரை வீட்டில் அவரும் மேஸ்திரியும்தான். அவர் பேசுவார், அது கேட்கும்.

மறுநாள் மந்தைவெளியில் நாய் டாக்டர் ஜெயபாரதி அதை எடை மேடையில் ஏற்றினாள். சின்ன வயசுப் பெண், நிதானமான பேச்சு. மேஸ்திரிக்கு எதிர்க்கக்கூடத் தெம்பில்லை. வைத்த இடத்தில் மூட்டைபோல் இருந்தது.

"முப்பத்தெட்டு கிலோ. எட்டு கிலோ அதிகம் சார். முட்டி தாங்கலை. இப்படியே போனா அப்புறம் படியே ஏறாது."

"அரிப்பு வேற டாக்டர்" என்றாள் நோரா. "மூணு கம்பெனி பாக்கெட் தீனி மாத்திட்டோம். சொறிஞ்சு சொறிஞ்சு வயித்துல முடியே இல்ல."

"பச்சைக் கறிக்கு மாத்திப் பார்க்கலாம். சிலதுக்கு ஒத்துக்கும். ஆனா கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும், சுத்தமா கையாளணும். அதைவிட முக்கியம் அளவு. தினம் உடம்பு எடையில ரெண்டு சதவீதம்."

நோரா மேல்நோக்கி ஒரு கணம் பார்த்தாள். கணக்குப் போடும்போது அவள் கண் கூரையின் மூலைக்குப் போய்விடும். "எழுநூத்தி அறுபது கிராம்."

"இல்ல மேடம். இப்ப இருக்கற எடைக்குப் போடக் கூடாது. இருக்க வேண்டிய எடைக்குப் போடணும். முப்பது கிலோவுக்கு."

"அப்ப அறுநூறு."

"அறுநூறா?" லியோனார்டுக்குக் குரல் உடைந்தது. "டாக்டர், அண்டாவைக் கிளறினா கரண்டியில ஒட்டிக்கினு வர்ற கறியே அறுநூறு கிராம் கீதும்மா!"

ஜெயபாரதி சிரித்துவிட்டு மீதியையும் சொன்னாள். பத்துப் பங்கில் எட்டுப் பங்கு சதை, ஒரு பங்கு எலும்பு, ஒரு பங்கு உள் உறுப்பு. அந்த ஒரு பங்கில் பாதி ஈரல். நோரா தலையாட்டித் தலையாட்டி வாங்கிக்கொண்டாள். லியோனார்ட் மேஸ்திரியின் காதைத் தடவிக்கொண்டு நின்றார்.

மகன் மேத்யூ மேடவாக்கத்தில் இருக்கிறான். கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஃபோனில் விஷயம் கேட்டதும் சட்டென்று முடிவு சொன்னான்.

"எங்க வீடு தரையோட இருக்குப்பா, படியே கிடையாது. ஈஸ்டருக்கு வரும்போது நான் கூட்டிட்டு வந்துடறேன். உங்களால தூக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது."

"ஈஸ்டருக்குள்ள அவன் ஏறுவான்" என்றார் லியோனார்ட்.

"ஏறலைன்னா?"

"ஏறுவான்டா. ஃபோன வை."

அதற்குப் பிறகு அவர் நெடுநேரம் பால்கனியில் நின்றார். மேஸ்திரி கீழே, அஃப்சருன்னிசா போட்ட சாக்கின்மேல் படுத்திருந்தது. மாடிக்கும் கீழுக்கும் நடுவில் பதினெட்டுப் படி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் சாம்பல் புதனும் ரம்ஜான் பிறையும் ஒட்டிக்கொண்டு வந்தன. தவக்காலம் பிறந்தால் ஈஸ்டர்வரை லியோனார்ட் கறியைத் தொடமாட்டார். ஊருக்கெல்லாம் பிரியாணி கிளறிய காலத்திலும் உப்புப் பார்க்க ஆளை வைத்துக்கொண்டவர். அப்படிப்பட்டவர் சாம்பல் நெற்றியோடு அன்வர் பாஷாவின் கறிக்கடை முன்னால் போய் நின்றார். அன்வர் பாஷா அவருக்கு முப்பது வருஷமாகக் கறி போட்டவர். மறுநாள் முதல் நோன்பு. கடையில் கூட்டம் அடங்கிய நேரம்.

"இன்னா லியோ, நெத்தியில சாம்பல வெச்சிக்கினு கறிக்கடைக்கு வந்து நிக்கற? சாமிக்கு டிமிக்கியா?"

"எனக்கில்ல பாய். மேஸ்திரிக்கு."

"அவனுக்கா? கொழம்பா, வறுவலா?"

"பச்சையா."

அன்வர் பாஷா கத்தியைக் கட்டைமேல் வைத்தார். "பச்சையாவா? நல்லாதானே இருந்தான்? கொழம்புச் சோறு துன்னவன்ப்பா அவன்!"

"டாக்டரம்மா சொல்லிச்சு. பத்துல எட்டு கறி. ஒண்ணு எலும்பு. ஒண்ணு உள்ள இருக்கறது. அதுல பாதிதான் ஈரல். மிச்சத்துக்கு சுவரொட்டி, கிட்னி எது வேணா போடலாம்."

"இதயம்?"

"அது கறிக் கணக்காம்."

"எப்டி? இத்தினி வருசமா ஈரல் பக்கத்துலதான் தொங்க வுட்டுக்கினு கீறேன்."

"அது சதையாம் பாய். உறுப்புன்னா வேலை செய்யறதாம்… ஈரலு, கிட்னி மாதிரி."

"அப்ப இதயம் சும்மாவா குந்திக்கினு கீது?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அன்வர் பாஷா ஆட்டின் தொடைச் சதையைக் கொழுப்பு நீக்கி அரிந்தார். கோழி இதயம் ஒரு பிடி, எலும்புப் பங்குக்கு மெல்லிசாய் நெஞ்செலும்பு, ஈரலில் ஒரு விரல் அகலம், சுவரொட்டி என்கிற மண்ணீரலில் அதே அளவு. கறுத்துச் சிவந்து பளபளவென்று இருந்த சுவரொட்டியைக் கையில் தூக்கிக் காட்டினார். "ரத்தம் ஊறும்னு டெலிவரி ஆன பொண்ணுங்களுக்கு வாங்கிக்கினு போவாங்க. உன் நாய்க்கு யோகம்." கடைசியில் கூடையிலிருந்து இரண்டு கோழிக் கழுத்தை எடுத்துத் தனியாகப் பொட்டலத்தில் போட்டார்.

"இது கணக்குல வராது?"

"வராது பாய். எலும்பு ஒரு சாப்பாடா? கடிச்சிக்கினு கெடக்கும். பொழுது போவும்."

"அதான். அறுநூறு கிராம வெச்சிக்கினு அவ்ளோ பெரிய உடம்பு இன்னா பண்ணும், பாவம்."

இப்படித்தான் அந்தக் கழுத்து விவகாரம் ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் அதில் கள்ளம் ஒன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஒருவர் ஆயுசு முழுக்க அளந்து போட்டதற்கு மேல் ஒரு துண்டு தூக்கிப் போட்டவர். இன்னொருவர் பந்தியில் போதும் போதும் என்று கையை மறித்தாலும் இலையில் இன்னொரு கரண்டி வைத்தவர். 'பத்தலை' என்ற சொல்லைக் கேட்டால் லியோனார்டுக்கு உடம்பு கூசும்.

நோரா சின்னத் தராசு ஒன்று வாங்கி வந்தாள். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் அடுப்படி மேடையில் பழைய செய்தித்தாளை விரித்து, தராசை வைத்து, "கொண்டாங்க" என்பாள். முந்தின நாளே வாங்கி உறையவைத்து இளக்கிய கறியை லியோனார்ட் கொண்டுவருவார். அரிவது அவர், நிறுப்பது அவள்.

பல மாதமாய்ச் சும்மா கிடந்த கை அது. கத்தியைப் பிடித்ததும் தானாகவே ஓட ஆரம்பித்தது. நார் போகும் திசை பார்த்து, சவ்வை நுனியில் கீறி உரித்து, ஒரே அளவாகத் துண்டு போடுவார். பிரியாணிக்குப் போடும் துண்டுதான். நாய்க்கு அது எதற்கு என்று நோரா கேட்டால், "அவன் பார்ப்பான்" என்பார். ஜன்னல் வழியாகக் கடற்காற்று வரும்போது பச்சைக் கறியின் வாசனை வீடு பூரா போகும். பக்கத்து அடுப்பில் அவருடைய முருங்கைக்கீரை கொதிக்கும்.

"நானூத்தி தொண்ணூத்தி நாலு. பதினாலு கிராம் எடுங்க."

"பதினாலு கிராம் ஒரு துண்டும்மா. அதை எங்க வைக்கறது?"

"நாளைக்கு."

"பந்தியில உக்காந்தவன்கிட்ட மிச்சத்தை நாளைக்குத் துன்னுன்னு சொல்ல முடியுமா?"

"இது பந்தி இல்ல. வைத்தியம். எடுங்க."

எடுப்பார். எடுத்துவிட்டு, நோராவின் செருப்புச் சத்தம் சந்து முனையில் மறைந்ததும் கீழே இறங்கி வந்து முதல் படியில் ஒரு கழுத்து வைப்பார். மேஸ்திரி அதற்காக ஒரு படி ஏறும். நாலாவது படியில் இன்னொன்று. மடக் மடக் என்று நொறுங்கும் சத்தம் அஃப்சருன்னிசாவின் மெஷின் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும். அவளுக்கு நாயைத் தொடும் பழக்கம் இல்லை. ஆனால் ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அதனோடு பேசுவாள். "துன்னு ராஜா, துன்னு. நாங்கல்லாம் நோன்பு, உங்க ஐயா தவம். இந்தச் சந்துலயே கறி துன்றவன் நீ ஒருத்தன்தான்."

ஆரம்பத்தில் ஈரல் கொஞ்சம் அதிகமாகி வயிறு இளகியது. நோரா ஈரலைக் குறைத்தாள், சரியானது. சொறிவது நின்றது. அடிவயிற்றில் பூனை முடிபோல மெல்லிசாய் முடி அரும்பியபோது நோரா அதை மல்லாக்கப் போட்டு வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனைத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுத்தாள். ஆனால் உடம்பு மட்டும் இறங்கவில்லை. மூன்றாவது வாரம் வேறொன்று ஆரம்பித்தது.

மேஸ்திரி சந்து முனைக்குப் போய் முதுகை வில்லாய் வளைத்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஒன்றும் வரவில்லை. போர்டு சாக்பீஸ் தூள்போல் வெள்ளையாய் இரண்டு உதிரி விழுந்ததோடு சரி. மறுநாள் அதுவும் இல்லை. தட்டில் வைத்த கறியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சாக்கில் படுத்து, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது.

சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. நோரா அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அறுநூறுல பத்துல ஒண்ணு அறுபது" என்று முணுமுணுத்தாள். "அறுபது கிராம் எலும்பு. அறுபது உறுப்பு. முப்பது ஈரல். மீதி நானூத்தி எண்பது. எங்க தப்பு? லியோ, எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். குறைச்சுக் குறைச்சு அது குடலைக் காய வெச்சிட்டேன்."

"அதெல்லாம் இல்ல நோரா."

"பின்ன? முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்குச் சதவீதம் சொல்லிக் கொடுத்தேன். வாயில்லாத ஜீவனுக்கு ஒழுங்கா ஒரு கணக்குப் போடத் தெரியலை." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

லியோனார்ட் அவளை அழுது பார்த்தது குறைவு. கணக்கில் சந்தேகப்பட்டுப் பார்த்ததே இல்லை. அவரும் அவளருகே தரையில் உட்கார்ந்தார்.

"உன் கணக்கு சரிம்மா. சாப்பாடுதான் கணக்குல இல்ல."

"என்னது?"

"கோழிக் கழுத்து."

"என்ன கோழிக் கழுத்து?"

"படி ஏறட்டும்னு… தெனம் ரெண்டு. பாய் சில நாள் மூணு போடுவாரு."

நோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். மெஷின் நின்றது. உள்ளேயிருந்து அஃப்சருன்னிசா மெல்லச் சொன்னாள்: "நான் பார்த்தேன் டீச்சர். சொன்னா நோன்பு நேரத்துல வீட்டுல சண்டை வருமேன்னு கம்முனு இருந்தேன்."

"நீயுமா அஃப்சர்!"

"எனக்கு இன்னா தெரியும்? எலும்புதானேன்னு நெனச்சேன்."

"எலும்புதானே, எலும்புதானே! அவர் அப்படித்தான் சொல்வாரு. ஏங்க, நான் எலும்பை கிராம்ல நிறுத்துப் போடறேன், நீங்க முழத்துல போட்டிருக்கீங்க!" சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் ஈரம் காயாமலே சிரித்தாள். அடுத்த கணம் ஃபோனை எடுத்தாள்.

ஜெயபாரதி பொறுமையாகக் கேட்டாள். வாந்தி இருக்கிறதா, வயிறு கல்லாக இருக்கிறதா என்று விசாரித்தாள். இல்லை என்றதும் மூச்சு விட்டாள். "எலும்பு அதிகமாயிடுச்சு, அவ்வளவுதான். அதை உடனே நிறுத்துங்க. மஞ்சப் பூசணிக்காயை உப்பில்லாம வேக வெச்சு மசிச்சு நிறையத் தண்ணியோட குடுங்க. மெதுவா நடக்க விடுங்க. சாயங்காலம் வரைக்கும் ஆகலைன்னா கூட்டிட்டு வந்துடுங்க, எந்நேரமானாலும் இருப்பேன்."

டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் லியோனார்ட் லஸ் பக்கம் ஓடினார். மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போய், தோல் கெட்டியான மஞ்சள் பூசணிக் கீற்றோடு திரும்பினார். வெந்து மசிந்ததில் கறி கழுவிய தண்ணீரை இரண்டு கரண்டி விட்டார். அது அவர் யோசனை. வாசனைக்கு மயங்கி மேஸ்திரி நாக்கை நீட்டி நக்கியது. பிறகு கிண்ணத்தைச் சத்தமாகத் தள்ளித் தள்ளி முடித்தது.

வெயில் தாழ்ந்ததும் மூவரும் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடந்தார்கள். பங்குனி வெக்கை. ஆனால் கடற்காற்று எழுந்துவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேஸ்திரி நாலடி நடக்கும், நிற்கும். அது நின்றால் லியோனார்டும் நோராவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மறுபடி நடக்கும்.

ஃபோன் அடித்தது. அன்வர் பாஷா.

"இன்னா லியோ, ஆச்சா?"

"இல்ல பாய்."

"என் கையால போட்டதுப்பா அந்தக் கழுத்து. காலையிலேர்ந்து மனசே சரியில்ல. அஃப்சர் சொல்லிச்சு."

"வை பாய், சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி. "இன்னாச்சு?"

"பாய், நீ கூப்ட்டா அவன் திரும்பிப் பார்க்கறான், கவனம் கலையுது!"

ஈரமணல் தொடங்கும் இடத்தில் மேஸ்திரி நின்றது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. முதுகு வளைந்தது. நோரா லியோனார்டின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தமே இல்லாத ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "முக்கு நைனா, முக்கு" என்றாள்.

கடைசியில் வந்தது. கெட்டியாய், வெள்ளையாய், பிறகு சாதாரணமாய், தாராளமாய் வந்தது. மேஸ்திரி பின்னங்காலால் மணலை வாரி இறைத்துவிட்டு, இளங்குட்டிபோல் அலையை நோக்கி ஒரு ஓட்டம் ஓடியது. கயிறு கையிலிருந்து நழுவியதுகூட லியோனார்டுக்குத் தெரியவில்லை. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். நோரா பையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, சுத்தம் செய்யக் குனிந்தாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"ஆயிடுச்சு பாய்!" என்று ஃபோனில் கத்தினார் லியோனார்ட்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றது அந்தப் பக்கம். "கடைய சாத்திட்டு நோன்பு தொறக்கப் போறேன். இப்பதான் கஞ்சி உள்ள எறங்கும்."

வீடு திரும்பும்போது அஃப்சருன்னிசா தூக்கில் நோன்புக் கஞ்சி வைத்திருந்தாள். "கறி போடாம உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சேன் அண்ணே. கேரட்டும் பயத்தம்பருப்பும்தான்." தேங்காய்ப்பால் மணக்க மணக்க மூவரும் படியில் உட்கார்ந்து குடித்தார்கள். மேஸ்திரி தன்னுடைய சாக்கில் கிடந்து அவர்கள் வாயையே பார்த்தது. லியோனார்டின் கை ஒருமுறை தானாகவே கிண்ணத்தோடு நீண்டது. நோரா தொண்டையைக் கனைத்தாள். கை திரும்பி வந்தது.

அன்றே ஒரு ஏற்பாடு ஆயிற்று. இனிப் பரிமாறுவது லியோனார்ட்தான். ஆனால் மேஸ்திரியின் வாய்க்குள் போகிற எதுவும் தராசில் ஏறிவிட்டுத்தான் போகும். கழுத்து வேண்டுமானால் வைக்கலாம். ஆனால் அதில் பாதிக்குமேல் சதையும் ஒட்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அதைக் கறியிலும் கழிக்க வேண்டும், எலும்பிலும் கழிக்க வேண்டும். லியோனார்ட் அந்தக் கழித்தலைப் பிடித்துக்கொண்டார். ஒரு கழுத்தை நாலாக வெட்டினால் நாலு முறை பரிமாறலாம் என்று கண்டுபிடித்தார். ஒரு துண்டு ஆறாவது படியில், ஒன்று பத்தாவதில், ஒன்று பதினாலாவதில். ஒன்று வாசலில். அளவு அதேதான், பந்தி மட்டும் நாலு. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ரம்ஜான் முடிந்து பெருநாள் பிரியாணி வந்தது. லியோனார்ட் அதை மோந்து பார்த்து நோராவிடம் தள்ளினார். குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து கையில் ஓலையோடு இருவரும் வந்தபோது, மேஸ்திரி கேட்டருகே நின்றிருந்தது. அவர்களுக்கு முன்னால் திரும்பிப் படியேறியது. எட்டில் நின்றது. மூச்சு வாங்கியது. பிறகு ஒரே மூச்சில் மேலே போய், கதவில் முட்டி நின்று குரைத்தது. லியோனார்ட் அங்கேயே மேத்யூவுக்கு ஃபோன் போட்டார். ஒன்றும் பேசாமல் குரைப்பை மட்டும் கேட்க வைத்தார்.

"சரிப்பா சரி, புரியுது" என்றான் மேத்யூ. "நான் சும்மாதான் ஈஸ்டருக்கு வரேன்."

பெரிய சனியன்று காலை மந்தைவெளி போனார்கள். இந்தமுறை எடை மேடையில் நிற்க மேஸ்திரி சம்மதிக்கவில்லை. ஏற்றினால் குதிக்கும், பிடித்தால் வழுக்கும், ஜெயபாரதியின் கழுத்தை நக்கும்.

"தெம்பு வந்துடுச்சு சாருக்கு" என்றாள் அவள் மூச்சிரைத்தபடி. "ஒண்ணு பண்ணுங்க. நீங்களும் கூட ஏறி நில்லுங்க. உங்க பக்கத்துல நின்னா நிப்பான். அப்புறம் உங்க எடையைக் கழிச்சுக்கலாம்."

லியோனார்ட் ஏறினார். மேஸ்திரி அவர் காலோடு ஒட்டிக்கொண்டு சாதுவாய் நின்றது.

"நூத்தி இருபத்தி நாலு. இப்ப நீங்க மட்டும் சார்."

லியோனார்ட் நாயோடு இறங்கியவர் மறுபடி ஏறவில்லை. "நான் ஒரு எழுவத்தஞ்சு இருப்பேன் டாக்டர். அதையே கழிச்சிக்கோங்க."

நோராவின் கண் கூரை மூலைக்குப் போய் வந்தது. "அப்ப மேஸ்திரி நாப்பத்தொன்பது கிலோவா? ஏறுங்க."

ஏறினார். எண்பத்தொன்பது.

"அப்ப மேஸ்திரி முப்பத்தஞ்சு!" என்று ஜெயபாரதி கைதட்டினாள். "மூணு கிலோ இறங்கியிருக்கு. சூப்பர் மேடம். இதே அளவு தொடருங்க. படி ஏறுறான், அரிப்பும் போயிடுச்சு, எல்லாம் நல்லா வருது."

லியோனார்ட் சந்தோஷத்தில் மேஸ்திரியைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். நோரா இன்னும் எடை மேடையின் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோரா" என்றார் அவர் மெதுவாக. "நாளைக்கு ஈஸ்டர். என் கையால பிரியாணி வைக்கறதா சொல்லிக்கினு இருக்கேன். பாய்கிட்ட தொடைக்கறி சொல்லியாச்சு. அஃப்சர் வீட்டுக்கும் சேத்து."

"தாராளமா வைங்க. உங்களுக்கும் உண்டு." அவள் திரும்பினாள். "உங்களுக்கு இருக்க வேண்டிய எடை எவ்வளவு?"

லியோனார்ட் துணைக்கு டாக்டரைப் பார்த்தார். "டாக்டரம்மா, மனுசனுக்கும் அந்த ரெண்டு சதவீதம் உண்டா?"

"அது எனக்குத் தெரியாது சார்" என்று ஜெயபாரதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நான் நாய் டாக்டர்."

"பார்த்தியா? டாக்டருக்கே தெரியலையாம்."

"பரவாயில்ல" என்றாள் நோரா, மேஸ்திரியின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு. "நான் கணக்கு டீச்சர்."